தோலும் பைபரும்

சத்தத்துக்கும் சாதி உண்டு. யார் சத்தம் போடலாம், எந்தத் தெருவில் போடலாம், எதுக்காகப் போடலாம் என்பதெல்லாம் இங்கே எப்பவோ முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஊர்க்காரன் சாவுக்கு எங்க ஆட்கள் பறை அடித்தால் அது கடமை. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அதே ஆட்கள் அடித்தால் அது திமிர்.

1930 டிசம்பரில் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இந்தியச் சாதிகள் பற்றி எழுதிய ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலில் இரண்டைப் பாருங்கள். கல்யாணத்திலும் விசேசத்திலும் மேளதாளம் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது, எந்த வாகனமும் கூடாது, வீட்டுக் கதவைத்தான் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மீறுகிற பொருள் ஒன்று உண்டென்றால், அது பாட்டு ஓடுகிற கார்தான்.

அக்கா மகன் கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுகிறான். ஒருநாள் வந்து, "மாமா, டிக்கியில ஒரு பேஸ் பெட்டி கட்டித் தாங்க. கடையில விக்கிற சதுரப் பெட்டி வேணாம். அது எடத்தை அடைச்சிரும், சவாரிக்காரங்க சாமான் எங்க வைக்கிறது? ஓரத்தோட ஓரமா வளைஞ்சு உக்காரணும்" என்றான். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு படகுப் பட்டறையில்தான் நான் ரெசின் வேலை பழகினேன். அது அவனுக்குத் தெரியும்.

பேஸ் ஸ்பீக்கருக்குப் பெட்டி ஏன்? கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருக்குகிறது, பின்பக்கக் காற்று இளகுகிறது. பெட்டி இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று தின்றுவிடும், அடிநாதம் செத்துப்போகும். பின்பக்கத்தை அடைத்தால்தான் முன்பக்கம் பேசும். 12 அங்குல ஊஃபருக்கு மூடிய பெட்டி என்றால் சுமார் ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் காற்றாவது வேண்டும்.

டிக்கியின் ஓரச் சுவரில் முதலில் டேப் ஒட்டி, மேலே பாலிதீன் விரித்தோம். பைபர் மேட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைத்தேன். மூன்று அடுக்கு. ரெசினில் கோபால்ட்டை முதலில் கலக்கிவிட்டு, அப்புறந்தான் ஹார்ட்னர் விட வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும். நம்ம ஊர் வெயிலில் ஹார்ட்னரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். அதனால் விடியக்காலையில்தான் வேலை. இறுகியதும் தூக்கினால் கார் உடம்பின் வளைவு அப்படியே ஓடாக வந்தது. ஊஃபர் உட்கார ப்ளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, குச்சிகள் முட்டுக்கொடுத்து நிறுத்தி, வளையத்திலிருந்து ஓடுவரை பனியன் துணியை இழுத்துப் பின் அடித்தோம்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னது: "எங்கப்பா தோலு இழுத்துக் கட்டுறாப்லயே இருக்கேடா."

தாத்தாவின் பறை வேப்பமரத் துண்டுகளைத் தகடு வைத்து இணைத்த சட்டம். புளியங்கொட்டைப் பசை தடவி, கன்றுத் தோலை நனைத்து இழுத்து ஒட்டுவார். அடிக்கும் முன்னால் வைக்கோல் தீயில் காய்ச்சுவார். அதே இழுப்புத்தான் இதுவும். ஆனால் பறையில் தோல் அதிர வேண்டும். இங்கே இழுத்த துணி ரெசின் குடித்துக் கல்லாக வேண்டும், கொஞ்சமும் அதிரக் கூடாது. அதிர வேண்டியது ஊஃபரின் கூம்பு ஒன்றுதான். உள்பக்கம் இன்னும் மேட் ஒட்டி, பெட்டிக்குள் நெல்லைக் கொட்டி லிட்டர் படியால் அளந்தோம். 32 வந்தது. போதும்.

இப்போது கேள்வி. தோல் இழுத்த கை தீட்டு. பைபர் இழுத்த கை மட்டும் எப்படி மாஸ்டர் ஆனது? நான் கட்டிய பெட்டிகள் ஊர்க்காரர்களின் கார்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. சரி, தோல்தான் தீட்டு என்கிறான், அதாவது உண்மையா? இதே புதுக்கோட்டையில் கஞ்சிராவுக்கு மேடை வாங்கிக் கொடுத்தவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் பெயரால் மிருதங்கத்தில் புதுக்கோட்டைப் பாணி என்றே சொல்கிறார்கள். கஞ்சிரா உடும்புத் தோல். மிருதங்கத்தில் மாட்டுத் தோலும் உண்டு. மிருதங்கம் செய்கிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமாகவே எழுத வேண்டியிருந்தது. ஆக, தீட்டு தோலில் இல்லை. யார் செய்கிறான், யாருக்காக அடிக்கிறான் என்பதில் இருக்கிறது.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. அந்த வருசம் தாத்தா சாவுமேளத்துக்குப் போவதை நிறுத்தினார். தொண்ணூறுகளில் பல சேரிகளில் இது நடந்தது. அதே காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு பறையை ஆராதனைக்குள் கொண்டுபோனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். அடிக்க மாட்டேன் என்றதும் சரி, எங்களுக்காக அடிப்போம் என்றதும் சரி. இரண்டும் ஒரே கலகம். எங்க பையன்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி பிடித்திருக்கிறது. பேஸ் பெட்டிக்குச் சாதிப் பெயர் கிடையாது. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு ஆசை.

அம்மா அதையும் விடவில்லை. "எங்கப்பா அடிச்சா சாவா, சடங்கா, சாமி வருதான்னு அடியிலயே தெரியும். இது குமுறுது, என்ன சொல்லுதுன்னு தெரியலையே" என்றாள். நியாயமான கேள்வி. எல்லாச் சாதிக்காரனும் இன்றைக்குப் பெட்டி வைத்துத்தான் குமுறுகிறான். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் விடுதலை வராது.

ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவன் யார் என்பதும் கேள்விதானே? எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அக்கா மகன் கார். ஊர்த் தெரு முக்கில் நாலு பேர் மறித்தார்கள். "சத்தத்தை நிறுத்திட்டுப் போ."

"ஏண்ணே, போன வாரம் ஒங்க விசேசத்துக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடுச்சே. இப்ப மணி ஏழுதானே?"

ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதை நாங்கள் மதிக்கிறோம். தலித்தின் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. அன்றைக்கு அந்த முக்கில் சட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பின்னால் வந்த பெண்கள் குலவை போட்டார்கள், போட்டுக்கொண்டே நடந்தார்கள். மறித்தவர்கள் ஒதுங்கினார்கள். கார் போனது.

அதுக்கு விலை இருந்தது. ஊர்த் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வாடிக்கைகள் அடுத்த வாரமே நின்றன. அடியில்லை, உதையில்லை, வழக்குப் போட ஒன்றுமில்லை. போன் வராது, அவ்வளவுதான். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்ததும், இறையூர் அய்யனார் கோயிலுக்குள் மாவட்ட ஆட்சியரே எங்க சனங்களைக் கூட்டிப்போக வேண்டியிருந்ததும் வெளியே தெரிந்தன. இந்தப் போன் வராத தண்டனை எந்தப் பத்திரிகையிலும் வராது.

"பெட்டியைக் கழட்டிரு, பொழப்பப் பாரு" என்கிறாள் அக்கா. அவன் கழற்றவில்லை. டவுன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டிருக்கிறான். கடன் இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. நானும் கழற்று என்று சொல்ல மாட்டேன். அவன் கட்ட வேண்டிய தவணையில் எங்க தெருவுக்கும் பங்கு உண்டு, கல்யாணம், காட்சி, ஆஸ்பத்திரி எதுவானாலும் அவன் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று எங்க கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம்.

தெருவில் இன்னொரு பையனும் பெட்டி கேட்டிருக்கிறான். மேட்டும் ரெசினும் வாங்கி வைத்துவிட்டேன்.