குடமுருட்டி மணல்

என் சிறு வயதில், கோடையில் எங்கள் ஊர்க் குடமுருட்டி முழுக்க மணல்தான். திருவையாற்றுக்குப் பெயர் தந்த ஐந்து ஆறுகளில் ஒன்று அது. சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. விடியும் முன்பே குடத்தோடு அப்பாயி இறங்குவாள், பின்னாலேயே நாங்கள். முழங்கை ஆழம் தோண்டினால் மணல் கறுத்து ஈரமாகும். இன்னும் ஒரு சாண் போனால் ஊற்றுக்கண் திறந்து கலங்கலாகச் சுரக்கும். கொட்டாங்கச்சியால் அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும்வரை குந்தியிருந்து, வெள்ளைத் துணியில் வடித்துக் குடத்தை நிரப்புவாள். அந்தக் குளிர்ச்சி எந்தப் பானைத் தண்ணீருக்கும் வந்ததில்லை.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்ததும் ஊரே கல்லணைச் சேதிக்குக் காத்திருக்கும். புதுத்தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும். மணல் குடித்துக்கொண்டே இருக்குமே! ஒரு பள்ளத்தில் தேங்கும், நிரம்பியதும் அடுத்ததற்குத் தாவும். அதற்கு முன்னால் ஓடுவோம். "ஓடாதீங்கடா பயலுவளா, கும்பிட்டுட்டு கால வைங்க" என்று கரையிலிருந்து அப்பாயி கத்துவாள். அப்புறம் நாற்றங்கால், குறுவை நடவு என்று பெரியவர்களைக் கையில் பிடிக்க முடியாது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் படித்துறையில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள்; பையன்கள் சப்பரம் இழுப்போம்.

கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையும் இந்தக் காவிரி மணலில்தான் நிற்கிறது. அடியில் பாறை கிடையாது. கல்லை மணலில் அமிழ்த்தி அமிழ்த்தி எழுப்பிய அணை. ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம்மவர்களிடமே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். அவர் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியதும் அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

எங்கள் குடமுருட்டி மணலோ இன்று லாரி லாரியாகப் போய்விட்டது. ஆறு பள்ளமாகி, வாய்க்காலின் தலைமதகு மேட்டில் நிற்கிறது. தண்ணீர் கண்முன்னே ஓடியும் வாய்க்காலில் ஏறமாட்டேன் என்கிறது. ஆற்றங்கரை வயலுக்கே போர்வெல் போடுகிறார்கள். இதைவிடக் கொடுமை டெல்டாவுக்கு வேறில்லை.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது, நல்ல காரியம். ஆனால் வயலைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆற்று மணலையும் காப்பாற்ற வேண்டும். காவிரியின் கிளையாறு எதிலும் இனி ஒரு மணல் லாரிகூட இறங்க விடாதீர்கள்.