மண்ணெண்ணெய் இல்லை

முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். "மறக்க முடியாத மாணவன் யார் டீச்சர்?" என்று கேட்பவர்கள் ஒரு டாக்டரையோ கலெக்டரையோ எதிர்பார்ப்பார்கள். எனக்கு ஞாபகம் வருவது, நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பையன்.

பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒரு நாள் புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முந்தைய பாடத்தைச் சொன்னான். எல்லாம் காதால் கேட்ட மனப்பாடம்! வகுப்பே சிரித்தது. நானும் "மக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா கூட்டி வந்தார். "நானும் படிக்காதவ டீச்சர். கோச்சுக்காம சொல்லிக் குடுங்க" என்றார். சுருக்கென்றது.

அன்றிலிருந்து காலை மணி அடிக்கும் முன் பத்து நிமிடம், மற்ற பிள்ளைகள் பார்க்காதபடி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். புத்தகம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆடு, அம்மா, கடலை என்று அவன் வீட்டுச் சொற்களையே மண்ணில் குச்சியால் எழுதினோம். கல், பால் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. 'கொக்கு' வந்ததும் நின்றுவிட்டான். கவனித்தபோதுதான் புரிந்தது. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. முதலில் கொம்பைப் பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுகிறான். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தோன்றவில்லை.

"முதல்ல 'க'வைப் பாருடா. அப்புறம் அதுக்கு முன்னால என்ன இருக்கு, பின்னால என்ன இருக்குன்னு பாரு" என்றேன். க, கா, கெ, கொ என்று தினமும் எழுதினோம். தப்பாகச் சொன்னால் திட்டுவதில்லை. மறுபடியும் எழுதுவோம், அவ்வளவுதான்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அவன் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். "டீச்சர், ரேஷன் கடையில கேனோட வரிசையில நிக்கப் போனேன். இவன் போர்டைப் பார்த்து 'மண்ணெண்ணெய் இல்லை'ன்னு படிச்சுச் சொல்லிட்டான்!" என்றார். அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சொல்லில் இரண்டு கொம்பு!

'மக்கு' என்றதற்கு அவனிடம் நான் வருத்தம் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பேரனோ பேத்தியோ வாசிக்கத் திணறினால், பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.