அரிச்சல்முனையில் ஒரு பகல்

தீவு என்னும் சொல்லைக் கேட்டதும் இன்றைய மாணவர் மனத்தில் எழும் காட்சி, பெரும்பாலும் நாட்காட்டித் தாள்களில் கண்ட காட்சியாகவே இருக்கிறது. நீலக் கடல், வெள்ளைச் சுவர்கள், நீலக் குவிமாடங்கள். அது கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவு. உலகின் பல நாடுகளிலிருந்தும் விடுமுறைப் பயணிகள் அங்கே குவிகின்றனர். அவர்கள் நின்று வியக்கும் செங்குத்தான பாறை வளையம், ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதி கடலுள் அமிழ்ந்ததன் எச்சமாகும். அக்குரோத்திரி என்னும் பழம் நகரம் அப்போது சாம்பலில் புதையுண்டது. 1956 ஜூலையில் நிலநடுக்கம் அத்தீவின் வீடுகளைச் சாய்த்தது. 2025 தொடக்கத்தில் நிலம் ஓயாது அதிர்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினர். ஓர் ஊரின் துயரம் போதிய அளவு பழையதாகிவிட்டால் அதனை அழகு என்று அழைக்க மனிதர் தயங்குவதில்லை போலும்.

கிரேக்கம் செல்லும் வசதி எங்களுக்கு இல்லை. இராமேசுவரத் தீவுக்குச் செல்லும் வசதி இருந்தது. சோரியாங்குப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர், 2025 மே மாத விடுமுறையில் புறப்பட்டோம். ஆசிரியர் இருவர், மாணவர் அறுவர், அரபு மொழி கற்பித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவரை ஊரார் அனைவரும் ஹஜ்ரத் என்றே அழைப்பர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் தாம்பரம் இராமேசுவரம் விரைவு வண்டி கடலூர் வழியே செல்லத் தொடங்கியிருந்தமையால், ஆற்றைக் கடந்து திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இரவு ஏறிக்கொள்வது எளிதாயிற்று.

விடியற்காலையில் பாம்பனைக் கடந்தோம். 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தது. அருகிலேயே 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலம், 2022 டிசம்பரோடு இரயில் போக்குவரத்து நின்றுபோய், வயது முதிர்ந்தவர் போல் அமைதியாக நின்றது. மாணவர்கள் சன்னலருகே முண்டியடித்தனர். நாங்களும் அவர்களுக்குக் குறைந்தவர்களாக நடந்துகொள்ளவில்லை.

பள்ளிவாசல் தெருவில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தைக் கண்டோம். பேய்க்கரும்பில் அவர் அடங்கியுள்ள நினைவிடத்திலும் துஆச் செய்தோம். இவற்றைப் பலரும் எழுதிவிட்டனர். எங்கள் நெஞ்சில் நின்றது வேறொன்று. யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லத் தம் தந்தையார் ஒரு படகு கட்டியதையும், புயலொன்று அதனைக் கொண்டுபோனதையும் கலாம் அவர்கள் அக்னிச் சிறகுகள் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் படகு சென்றுவந்த கடலோரமாகவே நாங்கள் தனுஷ்கோடிக்குச் சென்றோம்.

சாலை நேராகக் கடலுக்குள் ஓடுவது போன்ற தோற்றம். இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. இடப்புறக் கடல் குளம் போல் கிடக்க, வலப்புறக் கடல் அலையெறிந்து முழங்குகிறது. அமைதியானதைப் பெண் கடல் என்றும், கொந்தளிப்பதை ஆண் கடல் என்றும் அவ்வூரார் வழங்குகின்றனர். 2017 இல் இச்சாலை திறக்கப்படும் வரை மணலில் ஓடும் வண்டிகளே துணை. சாலையின் முடிவில் அரிச்சல்முனை. அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. 2022 இல் இலங்கையில் உணவும் எரிபொருளும் கிடைக்காத நாட்களில், பச்சிளங் குழந்தைகளோடு தமிழர்கள் படகில் வந்து இறங்கியதும் இப்பகுதியின் மணல் திட்டுகளில்தான். எங்களுக்கு உல்லாசக் கரையாகத் தோன்றிய இடம் அவர்களுக்கு உயிர் பிழைத்த கரையாகும்.

முனையிலிருந்து திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடியில் இறங்கினோம். பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. இரயில் நிலையத்தின் எச்சமும் நீர்த்தொட்டியின் தூண்களும் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் சென்னையில் வாங்கிய ஒரே சீட்டுடன் போட் மெயிலில் இங்கு வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலில் கொழும்பு சேரலாம். சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம் யாவும் இருந்த ஊர் இது.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு அந்த ஊரின் கடைசி இரவாயிற்று. பேரலைகள் ஊரை மூடின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653 ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுள் சென்றது. அன்று இராமேசுவரத்துக்கு வந்திருந்த திரைக்கலைஞர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உயிர் தப்பியதை அக்காலத்து மனிதர் இன்றும் சொல்வர். வண்டியோடு போனவர்களின் பெயர்களைச் சொல்வார் அரிது. பாம்பன் பாலமும் சிதைந்தது. இளம் பொறியாளரான ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதனைச் செப்பனிட்டனர் என்பது நம் நாட்டுப் பொறியியல் வரலாற்றின் பெருமைக்குரிய செய்தி. ஆயினும் தனுஷ்கோடி வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. இருப்புப்பாதை அங்கே மீண்டும் போடப்படவேயில்லை. பாலத்திற்கு 46 நாட்கள் போதுமானவையாக இருந்தன. ஊருக்கு அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் விடியவில்லை.

தேவாலயச் சுவரடியில் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் சொல்கிறதல்லவா? இதுவும் அப்படிப்பட்ட முடிவுதானா?" என்று வினவினார். கேள்வி தவறானதன்று. எங்களில் சிலருக்கும் அதுவே உள்ளத்தில் இருந்தது.

ஹஜ்ரத் உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார். "அந்த வசனங்கள் அறிந்தே அநீதி செய்த கூட்டத்தாரைப் பற்றியவை. இவ்வூரார் என்ன அநீதி செய்தார்கள் என்று உமக்கு யார் சொன்னார்கள்? நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துப் பேசியவர் நம் நபிகள் நாயகம் (ஸல்). அந்த வண்டியில் எல்லாச் சமயத்தாரும் இருந்திருப்பார்கள். அவர்களின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. போன டிசம்பரில் பெண்ணையாறு நம் தெருவுக்கு வந்ததே, அப்போது நாம் என்ன பாவம் செய்திருந்தோம்?" என்றார்.

அதற்குப் பின் எவரும் அங்கே நிழற்படம் எடுக்கவில்லை. எடுப்பது குற்றம் என்பதனாலன்று, கை எழவில்லை.

அவர் குறிப்பிட்ட டிசம்பர் 2024 ஆம் ஆண்டினது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுவையருகே கரை கடந்தது. டிசம்பர் 2 ஆம் நாள் விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. தென்பெண்ணையின் கரையில் உள்ள சோரியாங்குப்பமும் அண்டை ஊர்களும் வெள்ளத்தில் சிக்கின. மாடுகளை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓடியதும், வடிந்த பின் நெற்குதிரைத் திறந்தபோது எழுந்த புளித்த நாற்றமும் எங்கள் நினைவில் உள்ளன. நீர் வடியுமுன்பே சாலையில் நின்று எங்கள் ஊரைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சென்றவர்களையும் நினைவிருக்கிறது.

வாழத் தகுதியற்றது என்று ஏட்டில் இருப்பினும், மீனவக் குடும்பங்கள் தனுஷ்கோடியில் வாழத்தான் செய்கின்றன. ஓலைக் குடிசைகளே வீடுகள். நாங்கள் சென்றது விசைப்படகுகளுக்குரிய தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எனவே நாட்டுப்படகும் கரைவலையுமே அவர்களுக்குச் சோறிட்டுக்கொண்டிருந்தன. இருபுறமும் உப்புக்கடல் இருக்க, நடுமணலில் கையால் சில அடி தோண்டினால் நல்ல நீர் ஊறுகிறது. மணலுள் இறங்கிய மழைநீர், எடை குறைந்ததாகையால், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது; ஆசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பே வரும். பெண்டிர் கொட்டாங்கச்சியால் அந்நீரை முகந்து குடத்தில் ஊற்றுவதைக் கண்டோம். ஹஜ்ரத் அந்நீரில் சிறிது பெற்று உளூச் செய்து, மணலில் எங்களோடு லுஹர் தொழுதார்.

மாலையானதும் பயணிகளை வெளியேறச் சொல்லிவிடுகின்றனர். வண்டிகள் வரிசையாகத் திரும்பத் தொடங்கின. சாலையோரம் பொரித்த மீன் விற்ற மூதாட்டியிடம் கடைசியாக வாங்கினோம். தட்டை நீட்டியவாறே அவர், "எந்த ஊருங்கய்யா நீங்க?" என்று கேட்டார்.

"பாண்டிச்சேரிப் பக்கம் அம்மா. பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரை" என்றார் ஹஜ்ரத்.

"புயல் வந்துச்சே, அந்தப் பக்கமா?"

"ஆமாம் அம்மா."

காலை முதல் அவ்வூரில் அழகையே கேட்டுத் திரிந்த எங்களிடம் அவர் கேட்டது வேறு. "ஊருக்குள்ள தண்ணி எத்தனை நாள் நின்னுச்சு? குடிக்கத் தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?"

நாங்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினோம். ஓட்டுநர் இருமுறை ஒலியெழுப்பியும் அவர் எங்களை விடவில்லை.