செக்ரோலில் யார் எழுதலாம்?



விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதனால் எங்கள் பாடசாலைக் கணினிகளில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். "லினக்ஸ் என்றால் பயமே இல்லை சேர்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. லினக்ஸின் பலம் அதன் அனுமதி முறையில் இருக்கிறது. அதை நாம் சரியாக வைத்தால்தான் அது காப்பாற்றும்.

தோட்டத்து ஆட்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை கிலோவை எழுதுகிறார். கந்தோரில் அதைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்கள். வழியில் போகிறவர் அதில் கை வைக்க முடியாது. 18 என்பதை யாராவது 13 ஆக்கினால், ஒரு அம்மாவின் முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

லினக்ஸும் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படித்தான் ஆள் பிரிக்கிறது: உரிமையாளர், குழு, மற்றவர்கள். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி ஆளுக்கொரு இலக்கம். தவணைப் பரீட்சைப் புள்ளிக் கோப்புக்கு 'சீஎச்மொட்' கட்டளையால் 640 கொடுத்தால், வகுப்பாசிரியர் வாசிக்கலாம், எழுதலாம். குழுவிலுள்ள மற்ற ஆசிரியர்கள் வாசிக்க மட்டும் முடியும். மாணவர்களுக்குப் பூச்சியம். ஆனால் ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால், எல்லோருமே உரிமையாளர்தான்.

கோப்பு திறக்கவில்லை என்றால் உடனே "777 போடுங்க" என்று ஆலோசனை வரும். யாரும் எதுவும் செய்யலாம் என்பதே அதன் அர்த்தம். செக்ரோலையும் பேனையையும் ரோட்டோரத்தில் வைத்துவிட்டு வருவது போல.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அது இருக்கும் கோப்புறையின் அனுமதி. கோப்பு 640 ஆக இருந்தாலும் கோப்புறை 777 என்றால், வாசிக்க முடியாதவரும் அதை அழித்துவிடலாம். புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டு அலுமாரியைத் திறந்து வைத்த கதைதான். கோப்புறைக்கு 750 போதும்.

வாசிக்கும் அனுமதியும் சின்ன விஷயமல்ல. மாணவர் விபரத்தில் பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம் இருக்கும். தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார், தகப்பன் பிரிந்து போய்விட்டார் என்பதெல்லாம் இருக்கும். ஒரு பிள்ளை அதை வாசித்து வகுப்பில் சொன்னால், மற்றப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வராது.

அனுமதி மட்டும் போதுமா? போதாது. 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் பெருமளவில் அழிந்தது ஞாபகம் இருக்கும். அந்த விசாரணையில் சந்தேகத்தின் பேரில் கைதானவர், தரவுத்தளத்தைப் பராமரித்த தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர். உள்ளே வர அனுமதி உள்ளவர்களையும் யோசித்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். 'ரூட்' கணக்கை எந்த அனுமதி இலக்கமும் தடுக்காது. ஆகவே அந்தக் கடவுச்சொல் ஓரிருவரிடம் மட்டும் இருக்கட்டும். கோப்புகளின் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

பள்ளிவாசல், கோயில், மரண உதவிச் சங்கம் என்று நம் ஊரில் கணினியில் கணக்கு வைக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். சந்தாக் கணக்கும் பிள்ளைகளின் விபரமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். யார் வாசிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதை இலக்கமாக மாற்றுவது பத்து நிமிட வேலை. உதவி தேவை என்றால் கமெண்டில் சொல்லுங்கள், ஒரு ஞாயிறு பின்னேரம் சேர்ந்து செய்வோம்.