நேரத்தை மில்லிமீட்டரில் அளப்பவர்கள்

கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். பளபளப்பான எதன்மீது பட்டாலும் லேசர் தெறித்துக் கண்ணைப் பதம்பார்த்துவிடும். கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருக்கிறது நான் போயிருந்த ஸ்லாக் ஆய்வகம். 1960களில் 3 கிலோமீட்டர் நீள முடுக்கியைக் கட்டியது இங்கேதான். அதன் கடைசி ஒரு கிலோமீட்டரில் எலெக்ட்ரான்களை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக விரட்டி, வடக்கும் தெற்கும் மாறிமாறி அடுக்கிய காந்தங்களின் நடுவே ஓடவிடுகிறார்கள். அவை நெளிந்து ஓடும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. 2009 ஏப்ரலில் இங்கே இப்படி முதன்முதலாகப் பிறந்தது. நொடிக்கு 120 துடிப்புகள். 2023இல் மீக்கடத்தி முடுக்கி ஒன்றும் சேர்ந்தது, அதன் இலக்கு நொடிக்குப் பத்து லட்சம். நான் பார்த்த அறைக்கு வருவது பழைய செம்பு முடுக்கியின் ஒளிதான்.

செய்முறையைச் சொல்வது எளிது. லேசர் துடிப்பு பொருளைத் தட்டி எழுப்பும். பின்னாலேயே வரும் எக்ஸ் கதிர்த் துடிப்பு அணுக்கள் அப்போது நிற்கும் நிலையைப் பதிவு செய்யும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றி மாற்றி எடுத்த பதிவுகளைக் கோத்தால் ஒரு படம்.

அந்த இடைவெளியை மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. அதை எந்தக் கடிகாரத்தில் வைப்பது? லேசர்ப் பொறியாளரான பெண் ஒருவர் மேசைமேல் இருந்த சிறு தண்டவாளத்தைக் காட்டினார். அதில் மோட்டாரில் நகரும் கண்ணாடி ஒன்று. அதை 0.15 மில்லிமீட்டர் தள்ளினால், ஒளி போய்த் திரும்ப 0.3 மில்லிமீட்டர் கூடும்; ஆயிரம் ஃபெம்டோ நொடி தாமதம். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு நகர்த்தினாலே அங்கே நிறையக் காலம் கழிந்துவிடும்.

இரண்டு ஒளியும் ஒரே கணத்தில் வந்துசேரும் புள்ளியை ‘டி-ஜீரோ’ என்கிறார்கள். ஷிப்டு தொடங்கியதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். அது கிடைத்தாலும் நிலைக்காது; ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் துடிப்புக்குத் துடிப்பு வருகை நேரத்தைக் குறித்துவைத்துப் பிறகு வரிசைப்படுத்துகிறார்கள்.

இடமும் பொருந்த வேண்டும். பெரிலியம் வில்லைகளால் குவித்த எக்ஸ் கதிர்ப் புள்ளி லேசர்ப் புள்ளிக்குள் அடங்க வேண்டும். லேசர் மேற்பரப்பில் சில பத்து நானோமீட்டரோடு நின்றுவிடும், எக்ஸ் கதிரோ ஆழத்துக்குப் போய் லேசர் தொடாத இடத்தையும் சேர்த்துப் பதிந்துவிடும். ஆகவே எக்ஸ் கதிரை மேற்பரப்பை உரசுகிற மாதிரி சாய்த்து விடுகிறார்கள். உள்ளே போய் ஒரு திருகைத் தொட்டாலும், வெளியே வருமுன் ஒருவர் அறையைச் சுற்றி, மூலைப் பொத்தான்களை அழுத்தி, யாரும் இல்லை என்று உறுதிசெய்து கதவைச் சாத்த வேண்டும். அன்றிரவு இந்தச் சுற்று முடிவதாகவே தெரியவில்லை. யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை.

இத்தனை பாடும் எதற்கு? வனேடியம் டைஆக்சைடு 68 டிகிரி செல்சியசில் மின்கடத்தாப் பொருளிலிருந்து உலோகமாக மாறும். லேசர் அடித்தாலும் மாறும். ஜோடி ஜோடியாக நிற்கும் வனேடியம் அணுக்கள் அப்போது ஒன்றுபோல இடம்பெயரும் என்றே நெடுநாள் கருதியிருந்தார்கள். இயற்பியலாளர் சைமன் வால் குழுவினர் இங்கே அளந்து 2018இல் வெளியிட்ட முடிவு வேறு: சுமார் 150 ஃபெம்டோ நொடிக்குள் அவை தத்தம் போக்கில் கலைந்துதான் புது அமைப்பை அடைகின்றன. இடைவெளி சற்றே பிசகியிருந்தால் அந்தக் கலைவு கண்ணில் பட்டிருக்காது.

வெளியிலிருந்து வரும் குழுக்களுக்குப் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்டுகள் ஐந்தோ என்னவோ கிடைக்கும். கண்ணாடியை நகர்த்தி டி-ஜீரோ பிடித்துத் தருவதற்கு ஆய்வகத்தின் பொறியாளர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம். முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால் கட்டணம் இல்லை. பொருளறிவியல் படிக்கும் நம் மாணவர்கள் விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.