நாலாவது மாத்திரை

ரத்தக் கொதிப்புக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டு மாத்திரையில் அடங்கிவிடுவார்கள். கொஞ்சம் முரடர்களுக்கு மூன்று வேண்டும்: ரத்தக் குழாய்களைத் தளர்த்த இரண்டு, சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்ற ஒன்று. அதற்கும் மசியாத கூட்டம் ஒன்று உண்டு. அங்கேதான் நாலாவது மாத்திரை பிரவேசிக்கிறது.

என் நண்பர் ஒருவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். மேல் எண் 160-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டாக்டர் நாலாவதைப் பற்றிப் பேச்செடுத்ததும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு மாத்திரை தின்கிறவன் பாதிப் பிணம், ஓய்!" என்றார் என்னிடம்.

மாத்திரையின் எண்ணிக்கைக்குப் பயப்படுகிறவர் 160-க்குப் பயப்படவில்லை! பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் அந்த எண்ணின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைகின்றன.

டாக்டர் விவரமானவர். எடுத்த எடுப்பில் சீட்டு எழுதிவிடவில்லை. மூன்று மாத்திரையும் தினம் வயிற்றுக்குள் போகிறதா என்று விசாரித்தார். ஊறுகாய் ஜாடியை விசாரித்தார். முழங்கால் வலிக்கென்று விழுங்கி வந்த மாத்திரையை நிறுத்தினார். அந்த ரக வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. இத்தனைக்கும் பிறகு இறங்காவிட்டால்தான் நாலாவது.

சரி, எதைக் கொடுப்பது? இதயத் துடிப்பைத் தணிக்கும் பிஸோப்ரோலால் உண்டு, குழாய்ச் சுவரை இளக்கும் டாக்ஸஸோஸின் உண்டு, ஸ்பைரோனோலாக்டோன் உண்டு. வெகு காலம் இது அவரவர் கைப்பழக்கமாகவே இருந்து வந்தது. பிரிட்டனில் 'பாத்வே-2' என்ற பெயரில் மூன்றையும் பந்தயம் விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. எனக்குப் பிடித்தது அந்தப் பந்தயத்தின் நியாயம். 335 பேரைக் கட்சி பிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று மருந்தையும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை ஒன்றையும் 12 வாரம் வீதம் முறை வைத்துக் கொடுத்தார்கள். ஒரே மாமியார் நாலு மருமகள்களின் ரசத்தையும் ருசி பார்த்த மாதிரி! அளவெடுத்ததும் வீட்டில்; ஆஸ்பத்திரி நாற்காலியைக் கண்டாலே சிலருக்கு ஏறிவிடுமல்லவா?

ஜெயித்தது ஸ்பைரோனோலாக்டோன். வெறும் மாத்திரையைவிட மேல் எண்ணைச் சுமார் 8.7 கூடுதலாக இறக்கியது. மற்ற இரண்டும் ஏறக்குறைய அதில் பாதிதான். இத்தனைக்கும் அது 1960-ஐ ஒட்டிக் கடைக்கு வந்த கிழ மருந்து, விலையும் மலிவு.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, 'உப்பை வெளியே விடாதே' என்று ஆல்டோஸ்டிரோன் மூலம் ஓலை அனுப்புகிறது. அடங்காத ரத்தக் கொதிப்பில் பலருக்கு இந்த உப்புச் சேமிப்புதான் வில்லன். ஸ்பைரோனோலாக்டோன் ஓலையைப் போய்ச் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது.

கிழ மருந்துக்குக் கிழத்தனமும் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இதயத்தையே தடுமாற வைக்கும். ஆகவே ஆரம்பிக்கும் முன்பும், ஆரம்பித்த சில வாரங்களிலும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால் மாற்று இருக்கிறது. அமிலோரைடு என்ற இன்னொரு பழைய மருந்து இதற்குச் சளைத்ததல்ல என்று 2025-ல் தென் கொரியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்திருக்கிறது. பொட்டாசியத்தின் மேல் ஒரு கண் அதற்கும் வேண்டும்.