வாரத்துக்கொன்று

பல்பகுதியக் களிமண் எனப்படுவது பெயரளவிலேயே களிமண். மண் என்பது அதன் அடிப்படையன்று. பொலிவைனைல் குளோரைட்டுத் தூளோடு அதனை இளக்குகின்ற திரவத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பிசைந்த பிசினே அது. கையிலுள்ளவரை மெழுகுபோல் வளையும். ஏறத்தாழ 130 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி நேரம் இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து இறுகிவிடும். ஜேர்மனியிலே பொம்மை செய்வதிற் பேர்பெற்ற கேத்தே குரூசவின் மகள் பயன்படுத்திய இப்பொருள், 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்திடம் கைமாறி, ஃபீமோ என்ற பெயரோடு உலகெங்கும் பரவலாயிற்று.

அட்டனை அடுத்த ஒரு தோட்டத்தின் லயத்துக் காம்பராவுக்கு அது வந்து சேர்ந்தது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயாகும். அங்குப் பிறந்து முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி, வாரத்துக்கு ஓர் உருவமாக 52 வாரமும் செய்து முடிப்பதென உறுதிபூண்டாள். மேலைநாட்டுக் கைவினைஞரிடையே வழங்கும் ஆண்டு நோன்பு இது. அவர்கள் பெரும்பாலும் செய்பவை காதணியும் பூவும் கைவிரல் நகமளவு இனிப்புப் பண்டங்களுமே. இவளும் முதல் மூன்று வாரங்களில் ரோசாப் பூக்களையே செய்தாள். அவை அழகாகவே இருந்தன. ஆயினும் எவருடைய வீட்டிலும் இருக்கத்தக்க அழகு அது.

மாற்றம் நேர்ந்தது கம்பளைப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்துக்குச் சென்றுவந்த பின்னரே. அங்கே பழைய லயமொன்றில் 2007இல் தொடங்கப்பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் இருக்கின்றது. பாட்டி கைபட்ட பொருள்கள் கண்ணாடிக்குப் பின்னே வீற்றிருப்பதைக் கண்டவள், வீடு திரும்பி நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினாள். படங்கு, மட்டக்கம்பு, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பிள்ளைக் காம்பராவின் ஏணை என அது நீண்டது. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும் அதில் இடம்பெற்றார். அந்த 2023, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததென நினைவுகூரப்பட்ட ஆண்டென்பதும் அவள் நினைவில் இருந்திருத்தல் வேண்டும்.

இனி, வெப்பத்தின் கதை. லயத்திலே போறணை ஏது? நீரிற் கொதிக்கவைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கடல்மட்டத்திற் கூட 100 பாகைக்கு மேற் செல்லாத கொதிநீர், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அட்டனில் அதனினும் ஓரிரு பாகையே கூடுதல். தேயிலையை உலர்த்தும் பழைய வகைப் பொறிக்குள் ஊதப்படும் வளியும் 90 முதல் 100 பாகை வரையிலேயே நிற்பது. ஆக, மலைநாட்டின் பெருந்தொழில் முழுவதையும் நடத்திச் செல்லும் வெப்பம் இச்சிறு பொம்மைக்குப் போதவில்லை! ஈற்றில் அவள் கண்டுபிடித்தது மணற்சட்டி. ஒரு பழைய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, மணல்மேல் பிஸ்கற் தகரத்தை வைத்து, உள்ளே வெப்பமானி ஒன்றைச் சாய்த்து, கொல்லைப்புறத்துக் கல்லடுப்பிற் கவ்வாத்து விறகின் தணலை ஏற்றியும் இறக்கியும் காத்திருந்தாள். வெப்பம் குறைந்தால் உருவம் பிஸ்கற்போல் நொறுங்கும். மிகுந்தால் கருகி நச்சுப்புகை கக்கும். வீட்டுக்குள் அதனைச் செய்யாமல் விட்டதும், அச்சட்டியைச் சமையலுக்கு மீண்டும் எடுக்காததும் அறிவுடைமையே. ஏழு உருவங்கள் கருகிப்போயின.

தாய் இதனை முதலில் விளையாட்டென்றே கருதினாள். முப்பத்துமூன்று ஆண்டு கொழுந்து பறித்தவள் அவள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தபோதும், குறித்த கிலோ நிறையாவிடின் அரைப் பேர்தான் என்பதை மலையில் நின்று கண்டவள். “இதுக்கும் பேரு போடுவாங்களா, புள்ள?” என்று அவள் கேட்டாள். கேலி மட்டுமன்று அது. ஒரு பொதி களியின் விலை அவளுக்குத் தெரியும்.

பதினோராம் வாரம் கொழுந்து பறிக்கும் பெண்ணுருவம் உருவாயிற்று. நிமிர்ந்த உடல், புன்னகை, தோளில் தொங்கும் கூடை. நாட்காட்டிகளில் நாம் காணும் அதே பெண். தாய் அதனை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். “கூடக் கயிறு தலையில தானே கெடக்கும். பாரம் ஏறுனா கழுத்து இப்புடி வருமா?” என்று கூறித் தன் கழுத்தை முன்னே வளைத்துக் காட்டினாள். பாரமேதும் இல்லாத அந்நேரத்திலும் கழுத்து அவ்வாறு வளைந்தே நின்றதென்பதை மகள் அன்றுதான் கண்டாள் போலும். உருவம் பிசைந்து மீண்டும் செய்யப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தாயின் பார்வைக்குப் போகாமல் எதுவும் தணலேறவில்லை. படங்கின் முடிச்சு எப்பக்கம் வரும், அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் எங்கே பூசுவர் என்பனவற்றை எந்த நூலில் அவள் தேடியிருக்க முடியும்?

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்துசென்றது அவ்வாண்டு ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை. அவள் போகவில்லை, விடுமுறை கிடைக்கவில்லை. முப்பத்தோராம் வாரத்துக்கு ஒரு சோடி வெறும் பாதங்களைச் செய்தாள். தொகுப்பிலே மிகச் சிறந்தது அதுவே எனல் தகும். மூன்று வாரங்கள், தாய் நோயுற்றுக் கிடந்தமையால், ஒன்றும் செய்யப்படாமலே கழிந்தன. அவற்றைப் பின்னர் நிரப்பவில்லை. மூன்று வெற்றுத் தீப்பெட்டிகளையே அவ்விடத்தில் வைத்தாள். நோன்பு குன்றியதென்பார் குன்றியதென்க.

கடைசி வாரத்துக்குரிய பொருளைத் தாயே கேட்டாள்: கொழுந்து மடுவத்துத் தராசு. கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் நாள்தோறும் கழிக்கப்பட்ட கிலோக்களை அவள் மறந்தாளல்லள். வட்ட முகம், கொளுக்கி, அதில் தொங்கும் படங்குப் பொதி யாவற்றையும் மகள் செய்து முடித்தாள். முள்ளை மட்டும் தாய் தன் கையால் உருட்டி, கொண்டையூசி முனையால் நகர்த்தி, தான் பறித்த நிறை எதுவோ அதிலே நிறுத்திவிட்டு, அடுப்பில் வைக்கச் சொன்னாள்.